அது சீழ் இல்லை

என் மகனுக்கு எட்டு மாதத்தில் முன்தோலை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் குடலிறக்கம். வைத்தவர் என் கணவர். இந்தப் பொய் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன், காரில் சொன்னேன், வாசலில் இறங்கும்போதும் சொன்னேன். காதில் வாங்கினால்தானே.

இதை எழுதுவது பச்சைக் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்காக. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறவள் நான். டாக்டர் சொன்னதையும் என் கண்ணால் பார்த்ததையும் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் இந்த இரண்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் என் பிள்ளை அத்தனை கதறியிருக்க மாட்டான்.

எங்கள் வீடு நாமக்கல்லுக்கு மேற்கே, காட்டுக்குள், அதாவது விவசாய நிலத்துக்கு நடுவே. கணவருக்கு ரிக் வண்டி இருக்கிறது. கர்நாடகா, ஆந்திரா என்று போர்வெல் போடப் போவார். மழைக் காலத்தில் வண்டி நின்றுவிடும், அவரும் வீட்டோடு இருப்பார். அவருக்குத் தாயார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை வளர்த்தது அவருடைய அக்காதான். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தது. நல்ல மனுஷி. எனக்குப் பிரசவம் ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று மாதம் தங்கினார். எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதும், மகனைக் குளிப்பாட்டியதும் அவர்தான். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட பஸ் ஏறி வந்துவிடுவார். உறவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மனைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் கிடத்திக்கொள்வார். தலையை உருட்டி நீவுவார். மூக்கைப் பிடித்து விடுவார். கைகாலை மடக்கி நீட்டுவார். அதுவரைக்கும் பையன் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். கடைசியில் அந்த இடத்துத் தோலைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விடுவார். அப்போதுதான் அலறுவான். சாதாரணமாக அழுகிற அழுகை அல்ல. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, முகம் கறுத்து, கொஞ்ச நேரம் சத்தமே வராமல் இருந்து, பிறகு வெடிக்கிற அழுகை.

"நங்கையா, வலிக்குதாட்ட இருக்குதுங்க. உட்டுருங்க."

"இப்பவே தளத்தி உட்டுறோணும் அம்முணி. இல்லாட்டி உள்ள அழுக்குக் கட்டிக்கும், பெரியவனானா நொம்பத் தொந்தரவு. இவங்கொப்பனுக்கும் நாந்தான் பண்ணி உட்டேன். என்ன கொறஞ்சு போயிட்டான்?"

என்ன குறைந்து போனார் என்பதற்கு என்னிடம் நீளமான பதில் உண்டு. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

இது நங்கையா கண்டுபிடித்தது இல்லை. எங்கள் சனத்தில் ஆண் குழந்தை பிறந்த வீட்டில் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். எண்ணெய் வைத்துத் தள்ளி விடுவது என்பது பல் தேய்த்து விடுவது மாதிரி. யார் சொல்லிக்கொடுத்தது, எதற்குச் செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. குழந்தை அழுதால், "குளிச்சா அழுவுந்தான், அழுதாத்தான் நெஞ்சு விரியும்" என்பார்கள். நெஞ்சு விரிகிறதாம்.

பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்த சமயம். நங்கையா குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்க வைத்துவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார். சாயங்காலம் எழுந்தவன் காலை உதைத்து உதைத்து அழுதான். துணியை அவிழ்த்துப் பார்த்தேன். தள்ளிய தோல் முன்னால் திரும்பி வராமல் பின்னாலேயே மாட்டிக்கொண்டிருந்தது. மோதிரம் போட்ட விரலில் வீக்கம் கண்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த வளையத்துக்கு முன்னால் எல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரும்புக் குழாயில் கை நசுங்கிய ஆளைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், பெற்ற பிள்ளையின் உடம்பைப் பார்க்க முடியவில்லை. ஆனால் காரை எடுக்க அவர் தாமதிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மரத்துப்போகிற களிம்பு தடவி, வீக்கத்தைக் கையால் மெல்ல அமுக்கி அமுக்கி வடிய வைத்து, தோலை முன்னால் கொண்டுவந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். தோலின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பு.

"இது இன்னைக்கு வந்தது இல்லைம்மா. தள்ளுறப்பல்லாம் துளித்துளியாக் கிழிஞ்சு, ஆறி, மறுபடி கிழிஞ்சிருக்கு. கிழிஞ்சு ஆறுன தோல் சுருங்கும். யாரு தள்ளுறது?"

"குளிப்பாட்டறப்பங்க. எல்லாருக்கும் பண்றதுதானுங்களே."

"சின்னக் குழந்தைக்கு அந்தத் தோல் உள்ள ஒட்டித்தான் இருக்கும். நகம் சதையில ஒட்டியிருக்கு இல்ல, அது மாதிரி. வளர வளரத் தானா விட்டுக் குடுக்கும். சிலருக்கு நாலு வயசு, சிலருக்குப் பத்து வயசுகூட ஆகும். யாரும் தள்ள வேண்டாம். வெளியில தண்ணி ஊத்திக் கழுவுனாப் போதும். அழுக்குன்னு நினைச்சு நோண்டித்தான் இங்க கொண்டாந்து சேக்குறீங்க."

பிள்ளைக்குச் சளி, எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று கணவர் அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் களிம்பு தடவிப் பார்த்தோம். கேட்கவில்லை. சிறுநீர் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்பியது, இரண்டு தடவை காய்ச்சலும் வந்தது. தோலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். தேதி குறித்தாகிவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் கணவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஊர்ல கொடலெறக்கம்னு சொல்லிக்கலாம்."

"எதுக்குங்க?"

"நம்ம சனத்துல ஆருக்கு இதப் பண்ணியிருக்குது? பேரு வச்சுப்போடுவானுங்க."

பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. ஒருத்தர் சின்ன வயதில் கிணற்றுக்குள் செருப்பைத் தவறவிட்டார். இன்றைக்கு அவருடைய பேரன் பத்திரிகையில் 'செருப்பு வீடு' என்று போட்டால்தான் கல்யாணத்துக்கு வழி கண்டுபிடித்து வருகிறார்கள். ஆகவே கணவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால்? பிள்ளையின் புண்ணை விட அவனுக்கு இருபது வருஷம் கழித்து எவனோ வைக்கப்போகிற பேர் பெரிதாகப் போய்விட்டது.

"உங்க அக்காகிட்டயாச்சும் சொல்லோணுமுங்க."

"அதுகிட்டச் சொன்னா அன்னைக்கே ராசிபுரம் பூராத் தெரியும். அதுவுமில்லாம, அது பண்ணுனதாலதான் இப்பிடி ஆச்சுன்னா மனசு ஒடஞ்சு போயிரும். வேண்டாம்."

அக்காவின் மனது உடையக் கூடாது, பிள்ளைக்குப் பெயர் வரக் கூடாது, தன் தலை குனியக் கூடாது. இத்தனை பேரையும் காப்பாற்றுகிற ஒரே பொய். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் காலையில் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் பால் குடித்தான். அனுப்புவதற்கு முன்னால் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அவர் சொன்னது: கட்டு தானாக விழுந்துவிடும், இழுக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் வாசலின் களிம்பைத் தாராளமாக, துணி புண்ணில் ஒட்டாத அளவுக்கு வைக்க வேண்டும். டயபரை இறுக்கிக் கட்டக் கூடாது. அசுத்தமானால் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் போதும், தேய்க்கக் கூடாது. பவுடர், மஞ்சள், திருநீறு, தாய்ப்பால், எதுவும் வேண்டாம். தையல் தானாகக் கரையும். சில நாள் சிவந்து வீங்கி இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

"இன்னொன்னு முக்கியம். ரெண்டு மூணு நாள்ல மேல மஞ்சளா ஒரு படலம் கட்டும். எல்லாரும் சீழ்னு நினைச்சுப்பாங்க. அது சீழ் இல்லை. புண் ஆறுறதுக்கு உடம்பு போடுற பத்து மாதிரி. அதைத் துடைச்சீங்கன்னா ரத்தம் வரும்."

எப்போது ஓடி வர வேண்டும் என்பதையும் சொன்னார். ரத்தம் துணியில் பொட்டு மாதிரி பட்டால் பரவாயில்லை. நிற்காமல் வந்தால் கட்டுப் போடுகிற சுத்தமான காஸ் துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிஷம் ஒரே பிடியாக அமுக்கிக்கொண்டு வர வேண்டும். காய்ச்சல் அடித்தாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு அடிவயிறு வரைக்கும் ஏறினாலோ, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ வர வேண்டும்.

சேலத்தில் நான் தைக்கத் துணி வாங்கும் இடத்தில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு, முஸ்லிம் வீட்டுப் பெண். அவளிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"இதுக்கா அக்கா கதவச் சாத்திக்கிட்டுப் பேசுறீங்க? எங்க ஊட்ல பந்தியே வெப்போம். என் ரெண்டு பசங்களுக்கும் செஞ்சப்ப ஊருக்கே இனிப்புக் குடுத்தோம். கட்டம் போட்ட லுங்கித் துணி பழசு இருந்தா லூசாப் போர்த்தி விடுங்க, காத்தாடட்டும். அந்த மஞ்சளு வரும், பயந்துக்காதீங்க."

அவர்கள் ஊரறியச் செய்கிறார்கள். அதனால் அந்த வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அத்தைக்கும் எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். எங்கள் வீட்டுக்கு வருகிற யாருக்கும் எதுவும் தெரியாது. வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "கொடலெறக்கமாமா, எந்தப் பக்கமுங்க?" என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். நான் பிள்ளையை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மஞ்சள் படலம் கட்டியது. சொன்ன மாதிரியே. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குக் காலையில் காஸ் துணி தீர்ந்துபோய்விட்டதால் மெடிக்கலுக்குப் போக வேண்டியிருந்தது. "ஆரையும் தொட உடாதீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். தலையாட்டினார்.

நான் அந்தப் பக்கம் போக, நங்கையா இந்தப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். தம்பி மகனுக்கு ஆபரேஷன் என்றால் வராமல் இருப்பாரா. வந்தவர் தூக்கிக் கொஞ்சி, துணி ஈரமாக இருக்கிறதே என்று அவிழ்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது குடலிறக்கம். வயிற்றில் தழும்பைத் தேடியவர் கண்ணில் பட்டது மஞ்சள் படலமும் வீக்கமும்.

"ஏன்டா, இங்கென்னடா சீப்புடிச்சுக் கெடக்குது? உம்பொண்டாட்டி கழுவி உடறதில்லயா?"

அந்த இடத்தில் என் கணவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ரிக்கிலிருந்து போன் வந்ததாம். பேசிக்கொண்டே களத்து மேட்டுக்கு நடந்துவிட்டார். போன் வந்தது நிஜம்தான், பிறகு பார்த்தேன். வராமல் இருந்தாலும் அவர் நடந்துதான் இருப்பார்.

நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அந்த அழுகை கேட்டது. அதே பழைய அழுகை, சத்தம் வராமல் நின்று வெடிக்கிற அழுகை. உள்ளே ஓடினேன். நங்கையா பலகையில் உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, பாசிப்பயறு மாவைச் சுடுதண்ணீரில் குழைத்து, அந்தப் படலத்தைத் தேய்த்து எடுத்திருந்தார். தேய்த்ததில் ஒரு தையலும் கையோடு வந்துவிட்டது. அவருடைய கணுக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"அம்முணி, சீழெடுத்தேன், ரத்தம் நிக்க மாட்டீங்குது."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. காஸ் துணியைப் பிரித்து வைத்து அமுக்கினேன். எடுத்துப் பார்க்கவில்லை. அமுக்கியபடியே காரில் ஏறினேன். கணவர் ஓட்டினார், நங்கையா பின்சீட்டில் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் நான் பேசவில்லை. பேசினால் கார் எங்கேயாவது மோதியிருக்கும்.

ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ரத்தம் முக்கால்வாசி நின்றிருந்தது. அமுக்கி வைத்ததுதான் காப்பாற்றியது என்றார்கள். இருந்தாலும் மறுபடி தையல் போட வேண்டியிருந்தது. அந்தச் சின்ன உடம்பில், மறுபடியும். டாக்டரம்மா என்னைத்தான் முறைத்தார்.

"அவ்வளவு சொல்லி அனுப்புனேன். வீட்ல இருக்கவங்களுக்குச் சொல்லலையா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வெளியே வந்ததும், வராந்தாவில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் போய்விட்டது.

"உங்கக்காகிட்ட இப்பச் சொல்லுங்க. என்ன ஆப்பரேசன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். தள்ளியதால் தழும்பு விழுந்தது, அதனால் தோலை எடுத்தது, அந்த மஞ்சள் படலம் சீழ் இல்லை, எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். நங்கையா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்ல உனக்கு என்னடா?"

"நீ சங்கடப்படுவீன்னுதானுக்கா."

"இப்ப நான் சங்கடப்படலையாடா? கொழந்தயோட ரத்தத்த என்ற கையில கழுவ உட்டியே. முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டுப் போயிருப்பேன்."

நங்கையாமேல் எனக்கு இருந்த கோபம் அங்கே பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வலிக்குதுங்க என்று ஒரு தாய் வாரா வாரம் சொன்னபோது காது கேட்டிருக்க வேண்டும். கணவர்மேல் இருந்த கோபத்தில் எதுவும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரம்மா இளநீரோடு வந்தார். அவர் மருமகளுக்கும் பையன் பிறந்து நாலு மாதம். அங்கேயும் குளிப்பாட்டப் போகிறவர் நங்கையாதான்.

"மறுக்காப் போயிட்டு வந்தீங்களாமே. கொடலு மறுபடி எறங்கிருச்சுங்களா?"

கணவர் வாயைத் திறக்கப் போனார். அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பாயில் கிடத்தி, வாசலின் டப்பாவையும் காஸ் துணியையும் அவர் முன்னால் வைத்தேன்.

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. துணி மாத்தற நேரம். நீங்க மாத்துங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. உங்க பையன்தானுங்க."

நங்கையா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "போடா, கழுவிட்டு வா" என்றார். காட்டுக்காரம்மா எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். "நீங்க உக்காருங்கக்கா, உங்களுக்கும் வேணும்" என்றேன்.

கணவர் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். கிரீஸ் ஏறிய விரல். அந்த விரலால் துணியின் முனையை மட்டும் பிடித்துப் பிரித்தார். முதல் தடவையாகப் பிள்ளையின் புண்ணை முழுதாகப் பார்த்தார்.

"தேய்க்காதீங்க. தண்ணிய மேல ஊத்துங்க. துடைக்காதீங்க, தானாக் காயட்டும். இப்ப வாசலின். இன்னும் வைங்க, கஞ்சத்தனம் வேண்டாம்."

காட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். "என்னங்க தம்பி இது, இங்க ஆப்பரேசன் பண்ணியிருக்குது?"

பதிலை நான் கணவருக்கே விட்டேன். நங்கையாவும் தம்பியைத்தான் பார்த்தார்.

"தோலை எடுத்திருக்குதுங்க" என்றார் கணவர், தலையைத் தூக்காமல். "கொடலெறக்கமெல்லாம் இல்லீங்க. சும்மா சொன்னேன். எண்ணெ வச்சுத் தள்ளித் தள்ளித் தழும்பாயிருச்சுங்க."

காட்டுக்காரம்மா நங்கையாவைப் பார்த்தார். "எங்கூட்டுப் பையனுக்கும் அப்பிடித்தானே அக்கா பண்ணீட்டிருக்கறீங்க."

நங்கையா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சாயங்காலம் வாரேன். உம்மருமவகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

அதற்குள் பிள்ளை சிறுநீர் விட்டுவிட்டான். உப்பாமல், அழாமல், நேராக, அவன் அப்பாவின் கைமேல். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. மேலே ஊற்றக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன், புதுத் துணியைக் கையில் வைத்தேன், மறுபடியும் முதலிலிருந்து பண்ணச் சொன்னேன்.